மக்காச்சோளப் பை

பல்லைப் பிடுங்கிவிட்டுத் கடைவாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த ஆறுமுகத்தாயின் கையில், சங்கரன்கோவில் பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இசக்கிசெல்வி ஒரு பையைத் திணித்தாள். உள்ளே பல் தேய்க்க மூங்கில் பிரஷ் ஒன்று.

"பை மக்காச்சோளத்துல செஞ்சதுக்கா. பிளாஸ்டிக் இல்ல. சுடுதண்ணியில போட்டா கரைஞ்சிரும்."

வாயில் பஞ்சு இல்லாமல் இருந்திருந்தால் ஆறுமுகத்தாய் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டிருப்பாள். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கரிசலில் இருபது வருஷமாக மக்காச்சோளத்துக்குக் களை எடுக்கிறவள் அவள். தட்டை தெரியும், தோகை தெரியும், கதிர் தெரியும். இப்படித் தொட்டால் சரசரக்கிற, பளபளக்கிற மக்காச்சோளத்தைக் கண்டதில்லை. யாருக்குக் காது குத்துகிறார்கள்? பஸ்ஸில் வரும்போது பையை இரண்டு தடவை முகர்ந்தாள். பஞ்சிலிருந்த மருந்து வாடைதான் வந்தது.

இந்தச் சந்தேகம் சும்மா வந்ததில்லை. போன பங்குனியில் அவளுடைய ஆடு நாலு நாள் வயிறு உப்பிக் கிடந்து செத்தது. அசை போடுவது நின்ற அன்றைக்கே இனி அது பிழைக்காதென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அறுத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள் பிளாஸ்டிக் கேரி பேக்குகள் பந்தாகத் திரண்டிருந்தன. அதன் குட்டிதான் இப்போது வீட்டில் நிற்கும் கருப்பி. முதல் சினையாக இருக்கிறது.

மனுஷனை நம்பாத ஆறுமுகத்தாய், கருப்பியின் மூக்கை நம்புவாள். புருஷன் மாரிக்கண்ணன் தவிட்டு மூடை வாங்கி வந்தால்கூட ஒரு கை அள்ளி முதலில் அதன் மூக்குக்கு நீட்டுவாள். கலப்படம் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் அந்த நினைப்பில்தான் பையையும் நீட்டினாள். மக்காச்சோளம் என்றால் அதற்குத் தெரியாதா?

கருப்பி முகர்ந்தது. வெடுக்கென்று ஒரே இழுப்பு. பாதிப் பைதான் அவள் கையில் மிஞ்சியது. மீதியை அது விழுங்கிவிட்டது.

பஞ்சைத் துப்பிவிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்த நம்பருக்குப் போன் போட்டாள். இசக்கிசெல்விதான் எடுத்தாள்.

"ஏட்டி, சத்தியமாச் சொல்லு. அந்தப் பை மக்காச்சோளந்தானா?"

"கம்பெனிக்காரங்க அப்படித்தான்க்கா சொன்னாங்க."

"நீ கரைச்சுப் பாத்தியா?"

"அடுத்த ஆளு நிக்காங்கக்கா" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

"அதான் சொல்லுதாவல்லா, ஒண்ணும் செய்யாது" என்றான் மாரிக்கண்ணன்.

"நீங்க சும்மா கெடங்க."

அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மிச்சப் பையைப் போட்டு, கைக்கு அகப்பட்ட அந்த மூங்கில் பிரஷ்ஷாலேயே கிண்டினாள். பை சுருங்கியது. காம்பில் பாலாடை மாதிரி ஒட்டிக்கொண்டது. கரைகிறதா, வெறுமனே இளகுகிறதா, ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பிப் பார்த்தாள். கருப்பி படுத்திருந்தது. தாடை அசையவில்லை. பாவி, நானே என் கையால் நீட்டினேனே என்று அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பல் பிடுங்கிய வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

வெயில் தாழும்போது கருப்பியின் கழுத்தில் ஓர் உருண்டை மேலேறியது. தாடை பக்கவாட்டில் அரைக்கத் தொடங்கியது.

"பாத்தியா, அசை போடுது" என்றான் மாரிக்கண்ணன்.

"என்னத்தப் போடுதுன்னு யாரு கண்டா?"

ஆறுமுகத்தாய் ஆட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்து, வாயோரமாக இரண்டு விரலை விட்டு எடுத்தாள். பச்சையாக, வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. தழையா, பையா, பார்த்தால் தெரியவில்லை. மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். கருப்பியும் கழுத்தை நீட்டி அந்த விரல்களை முகர்ந்தது.