எல்லாருக்கும் வியாழக்கிழமை

குடமுருட்டி ஆற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்திச் சத்தியம்: இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. குறைத்துச் சொன்னது வேண்டுமானால் இருக்கலாம். கேட்பவர்கள் நம்ப வேண்டுமே.

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் பாத்திமா மேரி அறுப்பு மெஷின் வாடகைக்கு விடுகிறாள். மெஷின் ஒன்றுதான். கேட்டு வருகிறவர்களின் பெயர், ஊர், வாய்க்கால், அறுக்கும் நாள் எல்லாம் கம்ப்யூட்டரில். "சொன்ன நாள்ல மெஷின் வயல்ல எறங்கலைன்னா கடையைச் சாத்திட்டுப் போயிடுறேன்" என்று இந்தக் குறுவை அறுவடைக்கு ஊரறியச் சவால் விட்டிருந்தாள்.

அவளுக்குப் பிடித்தது ஃபார்ம் வியூ. திரையில் ஒரு நேரத்துக்கு ஒரே ஆள். கொட்டை எழுத்தில் பெயர், பக்கத்தில் போட்டோ, கீழே அவருடைய நாள். திரையைத் திருப்பிக் காட்டினால் வந்தவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்துவிடும். மெஷினுக்குப் பெயர் கொடுத்திருந்த பஞ்சநதம் தன் பக்கத்தைப் பார்ப்பதற்காகவே காலையிலும் மாலையிலும் வருவார். அவர் பக்கம் திறந்திருக்கிறவரை கடைத்தெருவில் வேறு ஆளே கண்ணுக்குத் தென்படாது. எதிர்க்கடையில் டீ தன்னைத்தானே ஆற்றிக்கொண்டிருக்கும். ஃபார்ம் வியூ என்றால் அப்படி.

புதன்கிழமை காலை. வெள்ளிக்கிழமை கனமழை என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள். பஞ்சநதம் ஓடி வந்தார்.

"நாளைக்குக் காலையில எனக்குத்தானே, மேரி?"

"ஒங்களுக்கேதாண்ணே. வேற யாரு இருக்கா?"

அவர் போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டலாமே என்று மூலையில் இருந்த பொத்தானை அமுக்கினாள். வந்தது டேபிள் வியூ.

டேபிள் வியூவில் எல்லாரும் ஒரே நேரத்தில் தெரிவார்கள். தெரிந்தார்கள், கடைக்குள்ளேயே. அன்பரசன் தொடங்கி வைத்தியலிங்கம் வரை அகர வரிசையில், தோளோடு தோள் உரச. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு. மாடு கறந்துகொண்டிருந்த பிரகதாம்பாள் சொம்போடு. திரையில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஒரே நாள்: வியாழன் காலை.

"ஏண்டி மேரி, எல்லாருக்கும் ஒரே முகூர்த்தமா? ஒன் மெஷின் குட்டி கிட்டி போட்டிருக்கா?" என்றாள் பிரகதாம்பாள்.

"கடையைச் சாத்துறேன்னியே, பூட்டு இருக்கா? இல்ல, நான் வாங்கியாரவா?" என்றார் பஞ்சநதம்.

மேரி மவுஸைப் பிடித்தாள். சட்டென்று டிசைன் வியூவுக்குத் தாவினாள். அங்கே ஆட்கள் கிடையாது. பெயர், ஊர், வாய்க்கால், நாள் என்று வெறும் எலும்புக்கூடு. அதனால் கடையும் காலி. செருப்புகளும் பால் சொம்பும் மட்டும் கிடந்தன. அந்த அமைதியில் பார்த்தாள். நாள் எழுதாமல் விட்டால் தானாக விழட்டும் என்று, சோதனைக்காக என்றோ அவளே போட்டு வைத்த 'வியாழன் காலை' அங்கே உட்கார்ந்திருந்தது. போட்டோ எடுக்கிற மும்முரத்தில் அவள் யாருக்குமே நாள் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்ததில் உறைக்கவும் இல்லை. இப்போது அதை அழித்தாள். ஆனால் அது இனி வருகிறவர்களுக்குத்தான், பதிந்தது பதிந்ததுதான்.

மெஷின் ஓட்டுகிற சகாயநாதன் எட்டிப் பார்த்தான். பட்டியலில் பெயர் இல்லாததால் அவன் மறையவில்லை. "சாத்துறதுன்னா சொல்லுங்கக்கா, டீசலை எறக்கிடுறேன். எனக்கும் மிச்சம். பழமானேரிக்கும் மைக்கேல்பட்டிக்கும் ஓடியே இடுப்பு போச்சு."

"அறுக்குறதுல போகலையா?"

"அறுக்குறது என்னக்கா, கண்ணை மூடித் தொறக்குற நேரம். ஓட்டந்தான் பொழுதைத் திங்குது."

மேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி டேபிள் வியூ. ஆட்கள் அவரவர் செருப்புக்குள் வந்து நின்றார்கள். 'வாய்க்கால்' என்ற தலைப்பின்மேல் அம்புக்குறியை வைத்து, வரிசைப்படுத்தும் பொத்தானைத் தட்டினாள்.

கடைக்குள் ஒரே தள்ளுமுள்ளு. வாய்க்கால் வாரியாக ஆட்கள் இடம் மாறி நின்றார்கள். வெளியே கடகடவென்று சத்தம். வயல்களும் வரிசைக்கு வந்துகொண்டிருந்தன, வரப்போடு, கொக்கோடு.

வியாழன் காலை சகாயநாதன் முதல் வயலில் இறங்கினான், அவ்வளவுதான். மெஷின் நேரே போனது. ஒரு வயல் முடிய அடுத்தது காலடியில் வந்து நின்றது. கடைசி வயல் முடிந்தபோது அவனுடைய காலை டீ ஆறவில்லை. மழை வெள்ளிக்கிழமைவரை பொறுக்காமல் அன்றைக்கே கிளம்பி வந்தது. ஆனாலும் கடைசி மூட்டைக்குத் தார்ப்பாய் போடுகிறவரை வல்லத்துப் பக்கம் மரியாதையாக ஒதுங்கி நின்றது.

"எம் பனைமரம் ஒன் வரப்புல வந்து நிக்குதே, ஆத்தா!" என்று பதறினார் பஞ்சநதம்.

"அதுக்கே ஒங்க மூஞ்சி புடிக்கல போல" என்று பிரகதாம்பாள் சிரித்தாள்.

கடையைச் சாத்தச் சொல்ல ஆளில்லை. பஞ்சநதம் மட்டும் நனைந்தபடி வாசலில் நின்றார். "மேரி, எம் பக்கத்தை ஒரு தடவை தனியாக் காட்டேன்."

மேரி ஃபார்ம் வியூவுக்கு மாற்றினாள். கடைத்தெருவில் மழையும் அவரும் மட்டும் இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் போன கரண்ட் அந்த வாரம் முழுக்கக் கடைத்தெருவுக்கு வரவில்லை, வியூவை மாற்ற வழியும் இல்லை.