கருவாயனின் இரண்டு காதுகள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் பூனையின் பல்வலியில் தொடங்கியது. கோயமுத்தூர் சுங்கம் பக்கத்தில் உள்ள ஒரு நாய் பூனை ஆஸ்பத்திரியில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் ஒரு பெண் தன் காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திருகாணி வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. காலடியில் வாய் மட்டும் கறுத்த ஒரு செவலை நாய், கண்ணைத் திறக்கவும் தெம்பில்லாமல் கிடந்தது. மீதிக் கதையில் காதில் விழுந்தது பாதி, நானாகப் போட்டது பாதி. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், எனக்கே மறந்துபோயிற்று.

2.

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் பூவாத்தாள்—"

(மழையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. துக்கம் என்றாலே என் கை மழையை எழுதிவிடுகிறது.)

இரண்டாவது: "செல்லப்பிராணிகளுக்கான மருத்துவச் செலவு அண்மைக் காலங்களில்—"

(நானே படிக்கமாட்டேன்.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். பூவாத்தாள் கிணத்துக்கடவில் கறவை மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவள். வீட்டுக்காரர் போய் வெகுகாலம் ஆயிற்று. மகள் வர்ஷினிக்குப் பெருந்துறையில் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டில் பேச்சுத்துணைக்கு இருப்பது கருவாயன் ஒருவன்தான். (நாயை அவள் 'அவன்' என்றுதான் சொன்னாள். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

அந்தக் கருவாயன் களத்தில் கிடந்த மக்காச்சோளக் கட்டையை, மணி உதிர்த்துப் போட்டதை, முழுங்கிவிட்டான். முதலில் வாந்தி. பிறகு பச்சைத் தண்ணீரும் இறங்கவில்லை. உள்ளூர் கால்நடை டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, இதற்கு ஸ்கேன் வேண்டும், கோயமுத்தூர் கொண்டுபோங்கள் என்றார். பால் ஏற்றுகிற குட்டியானை வண்டியில், கேன்களுக்கு நடுவே அவனைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

டாக்டர் சாஜிதா பேகம் ஸ்கேனைப் பார்த்தார். குடலை அடைத்துக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே அறுத்து எடுத்தால் பிழைப்பான், தள்ளிப்போட்டால் குடல் அழுகிவிடும் என்றார். செலவையும் சொன்னார். அந்தக் காசுக்கு நல்ல கிடாரி ஒன்று வாங்கலாம். இன்சூரன்ஸ் ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்றும் கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் பூவாத்தாள்.

அது பொய்.

3.

இந்த இடத்தில்தான் நான் முட்டிக்கொண்டு நின்றேன். வர்ஷினி போன தடவை ஊருக்கு வந்தபோது கருவாயனை நிற்கவைத்து, உட்காரவைத்து போட்டோ எடுத்துப்போய் அவன் பேரில் பாலிசி போட்டிருந்தாள். கழுத்துப் பட்டையில் பாலிசி எண் எழுதிய நீல வில்லை ஒன்றையும் மாட்டிவிட்டாள். மகள் பஸ் ஏறியதும் பூவாத்தாள் செய்த முதல் காரியம், அதைக் கழற்றி அலமாரி மேலே எறிந்ததுதான். ஏன்?

என் முதல் பிரதியில் அவளை விவரம் கெட்டவளாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே வாய் கசந்தது. பூவாத்தாளுக்கு இன்சூரன்ஸ் நன்றாகத் தெரியும். மாட்டு இன்சூரன்ஸ்.

போன வருஷம் அவளுடைய சிந்து மாடு ஒன்று வயிறு உப்பிச் செத்தது. காதில் வில்லை குத்தியிருந்த மாடு. பணம் வேண்டுமென்றால் அந்த வில்லையைக் காதோடு அறுத்துக் கொடுக்கவேண்டும் என்றார்கள்.* அறுக்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டது பூவாத்தாள்தான். காது சில்லென்று இருந்தது. பணம் வந்தது, வேறு மாடும் வாங்கினாள், ஆனால் அந்தச் சில்லிப்பு கையை விட்டுப் போகவில்லை. வில்லை மாட்டினால் ஒரு நாள் காதை அறுப்பார்கள் என்பது அவள் படித்த பாடம்.

ஆகவே நாயின் கழுத்தில் வில்லையைக் கண்டதும் அவளுக்குப் பகீர் என்றது. ஆஸ்பத்திரியில் அதைச் சொன்னால், அவனைச் சாகக் கொடுக்கத் தானே சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாள். இல்லை என்று சொல்லிவிட்டுத் தோட்டைக் கழற்ற உட்கார்ந்தாள். அடகுக்கடை எந்தப் பக்கம் என்று என்னைத்தான் கேட்டாள்.

* வேறு மாடு செத்ததைக் காட்டி யாரும் பணம் வாங்கிவிடக்கூடாதே என்பதற்காக. நியாயமான ஏற்பாடுதான். தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த நியாயத்தை யார் போய்ச் சொல்வது?

4.

நான் வழி சொல்ல வாயெடுக்கும்போது வர்ஷினியின் போன் வந்தது. தோடு அடகுக்குப் போகிறது என்று கேட்டதும், போனை டாக்டரிடம் கொடு என்று அந்தப் பெண் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. டாக்டர் வாங்கிக் கேட்டார். பிறகு பூவாத்தாள் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இன்சூரன்ஸ் இருக்குதுங்களாமே?"

"அது வேணாமுங்க டாக்டரம்மா. அவன் செத்தாத்தானுங்களே காசு? காதறுக்க நான் உடமாட்டேனுங்க."

ஆஸ்பத்திரியே நிசப்தமாயிற்று. (பொய். என் பூனை கத்திக்கொண்டுதான் இருந்தது.)

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்கவே மாட்டேன். அவர் தொழில் ஆரம்பித்தது தொண்டாமுத்தூரில், மாடுகளுக்கு நடுவே. எந்தக் காது என்று அவருக்குக் கேட்காமலே புரிந்துவிட்டது. நாயின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"அது மாட்டுக்குங்க்கா. இது பொழைக்க வெக்கறதுக்குக் குடுக்கற காசு. ஆபரேசன் பில்லை அனுப்புனாப் போதும்."

"காதுங்க?"

"காது அவங்கிட்டயே இருக்கட்டும்."

பூவாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நிம்மதியில் வருகிற அழுகை இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முதலில் நாம் கட்டி, பிறகுதான் கம்பெனியிடம் கேட்டு வாங்கவேண்டுமாம். வர்ஷினி சேமிப்பிலிருந்து போனிலேயே பணத்தை அனுப்பினாள். கருவாயனை உள்ளே தூக்கிப்போனார்கள். திருகாணி மறுபடியும் அடம்பிடித்ததால் பூவாத்தாளின் தோட்டை நான்தான் மாட்டிவிட்டேன். (இதை மட்டும் நானாகப் போடவில்லை. நிஜமாகவே நடந்தது.)

5.

முடிவு அ: மேசைமேல் கருவாயனின் மூச்சு மெல்ல—

(எழுதமாட்டேன். நாயைக் கொன்று கண்ணீர் வாங்குகிற வேலை எனக்கு வேண்டாம்.)

முடிவு ஆ: செலவழித்த காசு முழுக்க வந்து சேர்ந்தது. பூவாத்தாள் ஊருக்கே மைசூர்பாகு—

(இதைக் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்கு எழுதிக்கொள்ளட்டும்.)

முடிவு இ: ஆயிரம் கேள்வி கேட்டு, பாதியைக் கழித்துக்கொண்டு கொடுத்தார்கள்.

(நடக்கக்கூடியதுதான். ஆனால் வயதாகிவிட்டது என்று என் பூனையை எந்தக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் எழுதியது இது. நம்பாதீர்கள்.)

எவ்வளவு வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. உங்கள் அனுபவம் எப்படியோ அப்படி ஒரு தொகையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது, மறுபடி பூனையின் பல்லைக் காட்டப் போன அன்று பார்த்தது மட்டும்.

கருவாயன் தையல் பிரிக்க வந்திருந்தான். இளைத்திருந்தாலும் என் பூனையைப் பார்த்து உறுமுகிற அளவுக்குத் தேறியிருந்தான். கழுத்தில் நீல வில்லை தொங்கியது. டாக்டர் கத்தரியை எடுத்ததும் பூவாத்தாள் குனிந்து அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காதிரண்டும் அவள் உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தன. தையல் பிரித்து முடிந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெதுவெதுன்னு இருக்குதுங்க" என்றாள்.