கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்

காலியாகக் கிடந்த சாலையில் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது கார். அவள் கால் தானாக பிரேக்கை அழுத்தி அதை நிறுத்தியது. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பயிற்சிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற பிறகு ஆசைப்பட்டு வந்து சேர்ந்த கணக்கு வாத்தியார். திடுக்கிட்டுப்போய், என்ன தப்பு செய்துவிட்டேன் என்று கேட்டார். "நீங்க ஒண்ணும் பண்ணல சார். என் கால்தான்" என்றாள்.

அதற்கு முந்தின நாள்தான் ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்திருந்தார்கள். குழந்தையின் மூளைக்குள் நீர் நிற்கும் அறை கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது என்றார் அங்கிருந்த டாக்டர். மூளையின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும் பாலம் போன்ற ஒன்று கண்ணில் படவே இல்லையாம். படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமல்ல, குழந்தை படுத்திருக்கும் வாகு சரியில்லை, பெரிய மருத்துவமனையில் இதையே பார்க்கிறவர்களிடம் அடுத்த வாரம் காட்டுங்கள் என்று எழுதிக்கொடுத்தார். பாலம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். சில குழந்தைகள் சாதாரணமாகவே வளர்வார்கள், சிலர் ரொம்பக் கஷ்டப்படுவார்கள், முன்கூட்டிச் சொல்வது சிரமம் என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்ட வேண்டியிருந்தது. வீட்டில் அவளும் கணவனும் உப்பு, துணி, மின்சாரம் என்று எதையெதையோ பேசினார்கள்.

அவன் அக்காவிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது என்பது முதல் நாளே எடுத்த முடிவு. அக்காவுக்கு அவர்கள் இரண்டு பேரும் வைத்திருந்த பெயர் வானொலி. காலையில் அவள் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கப் பரவியிருக்கும். ஆனால் அவனுக்கு மனசு தாங்கவில்லை. அவன் வேலை பார்க்கும், பல் செட் செய்யும் கூடத்தில் உட்கார்ந்து யாருக்கோ செய்த கடைவாய்ப் பல்லை அளவுக்கு மீறி ராவித் தீர்த்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்திருக்கிறது. "என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று அவள் கேட்டதுதான் தாமதம், உடைந்துவிட்டான். மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாள் காலையில் கதவைத் திறந்தால் கைப்பையோடு அக்கா நின்றாள். "நானும் வர்றேன்" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. போகிற வழியெல்லாம் பேசவில்லை. வாய் ஓயாத அண்ணி இப்படி வாயைக் கட்டிக்கொண்டு வருவதுதான் இவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

உள்ளே நிபுணர் நிதானமாகக் கருவியை நகர்த்தினார். குழந்தை முகத்தைக் கீழே புதைத்துக்கொண்டு அசைய மாட்டேன் என்றது. "ரொம்பப் பிடிவாதம்" என்று சிரித்த டாக்டர், ஏதாவது குடித்து, கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், திரும்புகிறதா பார்ப்போம் என்றார். கணவனும் கூடவே எழுந்து வெளியே வந்தான். அங்கே காத்திருந்த அக்கா அவனை உட்காரச் சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீளமான தாழ்வாரம். ஜன்னலுக்கு ஜன்னல் வெயில் விழுந்திருந்தது. இரண்டாம் முறை திரும்பும்போது அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குப் பெரியவனுக்கு முன்னாடி ஒண்ணு உண்டாச்சு. மண்டை ஓடு மூடவே இல்லன்னாங்க. பொறந்தாலும் நிக்காதுன்னு சொல்லிட்டாங்க."

இவள் நடையை நிறுத்தினாள். அக்கா நிற்கவிடாமல் இழுத்துக்கொண்டு போனாள்.

"உன் புருஷனுக்குக்கூடத் தெரியாது. தானா கலைஞ்சுபோச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டோம். அன்னிக்கு என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திட்டு வர்றேன்னு போனவர்தான், வரவே இல்ல. வண்டிக்குள்ளயே உக்காந்து அழுதுட்டு இருந்திருக்கார். பாவம், அவரை என்ன சொல்ல. ஆனா நான் அந்த பெஞ்சுல தனியா உக்காந்திருந்தேன். அதான் வந்தேன். நல்லபடியா சொன்னாங்கன்னா நான் பாட்டுக்குக் கிளம்பிடுவேன்."

"அண்ணி" என்றாள் இவள். கையிலிருந்த பழரசத்தைக் குடித்து முடி என்றாள் அக்கா. மூன்றாவது சுற்றில் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.

மறுபடி படுத்தபோது டாக்டர் திரையைக் கொஞ்சம் அவர்கள் பக்கம் திருப்பினார். மங்கலான சாம்பல் நிறத்துக்கு நடுவில் மெல்லிய கருப்பு வளைவு ஒன்று தெரிந்தது. "இதுதான். முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் முழுசா இருக்கு" என்றார். நீரறையின் அளவு எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது, பல குழந்தைகளுக்கு இப்படி இருந்து தானே சரியாகிவிடும், எட்டாம் மாதம் இன்னொரு தடவை பார்த்துவிடலாம், ஸ்கேனில் தெரியாதவையும் உண்டு, ஆனால் எதற்குப் பயந்து வந்தீர்களோ அது இங்கே இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கணவன், "அப்ப அந்தப் பாலத்துல போக்குவரத்தெல்லாம் ஒழுங்கா இருக்குமா டாக்டர்?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் அவனுக்கே வெட்கமாகிவிட்டது. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது வயிறு குலுங்கியதில் திரையில் படம் கலைந்தது.

வெளியே அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு, பசிக்கிறது என்றாள். கிளம்பிடுவேன் என்று சொன்னவள் கிளம்பவில்லை.

திரும்பும்போது அவன் சாவியை அவளிடம் நீட்டிவிட்டான், அவள்தான் ஓட்டினாள். அக்கா பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தவுடன் தூங்கிப்போனாள். "அவ்வளவு நேரம் உன்கிட்ட என்ன பேசிட்டிருந்தா?" என்று அவன் கேட்டான். "சும்மாதான்" என்றாள்.

சந்திப்பில் பச்சை விழுந்தது. கண்ணாடியில் பார்த்தாள். லேசாகத் திறந்த வாயும் மடியில் மல்லாந்து கிடக்கும் கைகளுமாக, அக்கா இத்தனை நாள் தூங்காதவள் போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். தலை ஜன்னலில் இடித்துவிடாதபடி அவள் மெல்ல, மிக மெல்ல, வண்டியை நகர்த்தினாள்.