ஒண்ணுமில்ல உப்பு

வாலிநோக்கத்தில் உமாமகேஸ்வரியிடம் யாராவது ‘ஒண்ணுமில்ல’ என்று சொன்னால், சொன்னவர் தலையில் ஒரு கைப்பிடி கல்லுப்பு கொட்டும். உப்பளத்து ஊரில் உப்பைக் கண்டு வாய்பிளக்க யாருமில்லை. ஐப்பசி மழையில் பாத்திகளெல்லாம் மூழ்கிக் கிடக்கும்போது இது எங்கிருந்து வருகிறது என்பதுதான் ஊருக்குப் புரியவில்லை. நலம் விசாரிக்க வந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். அவள் மார்பில் இருந்த கட்டி என்னவென்று அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நீர்க்கட்டி என்று சொல்லிவைத்திருந்தான் கணவன் வேல்ராஜ். சொன்ன நாளிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டான். அவன் சட்டைக் காலருக்குள் எந்நேரமும் உப்பு உறுத்திக்கொண்டிருந்தது. பாவம், சொந்த வீட்டிலேயே அவள் விருந்தாளி ஆகிவிட்டாள். வலியைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மூன்றாவது முறை மருந்து ஏற்ற ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் ஒரு முடிவோடு போனாள். இது எதற்கான மருந்து என்று இன்றைக்கும் யாரும் சொல்லாவிட்டால் இனிமேல் கையை நீட்டுவதில்லை. நர்ஸ் தஸ்னீம் கீழக்கரைப் பெண். ஊசி குத்துமுன் எல்லோரிடமும் சொல்வதையே இவளிடமும் சொன்னாள்: “ஒண்ணுமில்லம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான்.” ஊசித் தட்டு முழுக்க உப்பு. தஸ்னீம் முக்காட்டை உதறினாள். வேறு தட்டு எடுக்கப் போகாமல், ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“உங்ககிட்ட என்னன்னு சொல்லிருக்காங்கம்மா?”

“நீர்க்கட்டின்னு. நீர்க்கட்டிக்கு முடி கொட்டுமா தாயி?”

“கொட்டாதும்மா.”

உமாமகேஸ்வரி அண்ணாந்து பார்த்தாள். எதுவும் விழவில்லை.

“அப்ப, கேன்சரா?”

தஸ்னீம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆமாம்மா.”

டாக்டரையும் அங்கேயே வரவழைத்து, அவர் பேசி முடிக்கும்வரை அந்தக் கையை விடவில்லை. பிழைப்பேனா என்று கேட்டதற்கு, நம்பிக்கை இருக்கிறது, ஆனால் உறுதியாக இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் வழுக்கையிலும் ஒரு கல் விழவில்லை. உமாமகேஸ்வரி வேண்டுமட்டும் அழுதாள். பிறகு கையை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும், கண் ஏன் சிவந்திருக்கிறது என்று வேல்ராஜிடம் கேட்டாள். “ஒண்ணுமில்ல” என்றான், கொட்டியது. அவள் அரிசி புடைக்கும் சொளகை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “இன்னும் எம்புட்டு இருக்கோ கொட்டிருங்க. நா இங்கனதான் இருக்கேன்.” சொளகு நிறையும்வரை அவன் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து, “பயமா இருக்கு மகேசு” என்றான்.

“எனக்குந்தான்.”

கொட்டுவது நின்றது. அன்றைய மீன் குழம்புக்கு அதிலிருந்தே உப்பு எடுத்தாள். கருவாட்டுக்கு ஏற்ற உப்பு என்று மிச்சத்தை அக்கம்பக்கத்தார் அள்ளிப்போனார்கள். அடுத்த முறை மருந்து ஏற்றும்போது வேல்ராஜும் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தலையில் துண்டு இல்லை.