சுருட்டிய கயிறு

மழை விட்ட ஒரு மணி நேரத்தில் மச்சான் போன் செய்தான்.

"மாப்ள, ஓடை வந்துடுச்சு. கிளம்பு."

"உனக்கு இன்னிக்கு வேலை இல்லயா?"

"லிஃப்ட்ல 'பழுது'ன்னு போர்டு மாட்டிட்டேன். ஏழாவது மாடிக்காரங்க ஒரு நாள் நடக்கட்டும். உடம்புக்கு நல்லது."

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். என் மனைவியின் அண்ணன். நான் பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிறேன். அந்த ஓடை வருடத்தில் பத்து மாதம் வெறும் கல். பெருமழை பெய்தால் அரை நாள் ஓடும், பிறகு வடிந்துவிடும். அந்த அரை நாளுக்காக அவன் வீட்டுக் கார் ஷெட்டின் கூரையில் ஒருவர் மட்டும் உட்காரும் இரண்டு கயாக் படகுகள் தொங்கின.

மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பகல் ஷிப்ட். வீட்டில் யாரும் இல்லை. கதவோரம் ஆணியில் கயிற்றுப் பை தொங்கியது. போன தடவை அதை ஈரத்தோடு குளியலறையில் போட்டுவிட்டு மறந்திருந்தேன். இப்போது காய்ந்து, சோப்பு வாசனையோடு இருந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தப் பைக்குள் இருபது மீட்டர் கயிறு. தண்ணீரில் ஒருவன் மாட்டிக்கொண்டால் கரையில் இருப்பவன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பையை எறிய வேண்டும். பறக்கும்போது கயிறு தானாக உருவிக்கொண்டு வரும். அதற்குக் கயிற்றைச் சுருட்டி வைக்கக் கூடாது, வளையங்கள் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்ளும். பிடி பிடியாக, கன்னாபின்னாவென்று உள்ளே திணிக்க வேண்டும். எறிகிறவன்தான் திணிக்க வேண்டும். வேறு ஆள் தொடக் கூடாது.

இது மச்சானின் சட்டம். இதை மீறியதற்காக இரண்டு பேரைக் கழற்றிவிட்டிருக்கிறான். ஒருவன் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். என்னை எட்டு வருடமாகக் கூட்டிப்போகிறான். டிப்போவில் என்னோடு பேசுபவர்கள் உண்டு. என்னைக் கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான்.

ஓடைக்குக் காரை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். கயாக்குகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம். போன் சிக்னல் பாதி வழியிலேயே போய்விட்டது. கரையில் இறக்கி வைத்து, பையை இருக்கைக்குப் பின்னால் செருகப் போனேன். கைக்கு வேறு மாதிரி இருந்தது. அமுக்கிப் பார்த்தேன். உள்ளே வளையம் வளையமாக இருந்தது.

என் மனைவி நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள். அவள் கையில் எது கிடைத்தாலும் ஒழுங்காகிவிடும்.

கொட்டித் திரும்பத் திணிக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அவன் பார்ப்பான். ஏன் என்று கேட்பான்.

"என்னடா, பையை அமுக்கி அமுக்கிப் பாக்குற? எத்தனை மாசமாம்?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

"தண்ணி இறங்குது. ஏறு."

ஏறினேன்.

தண்ணீர் செங்கல் நிறத்தில் இருந்தது. முதல் இரண்டு இறக்கங்களும் சுலபம். அவன் முன்னால் போனான். ஒவ்வொன்றின் அடியிலும் திரும்பி நின்று, நான் வரும்வரை பார்த்தான். எப்போதும் அப்படித்தான்.

மூன்றாவது ஓர் ஆள் உயரம். கரையேறி நடந்து பார்த்தோம். வலது பக்கம் இரண்டு பாறைகள். இடது பக்கம் வழி இருந்தது.

"இடது. ஒட்டிப் போயிடுவேன். நீ கீழ நில்லு."

கீழே தட்டையான ஒரு பாறையில் போய் நின்றேன். கயிற்றின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு வரச் சொல்லி மறு கையைத் தூக்கினேன். அவன் வந்தான்.

விளிம்பில் அலை அவனை ஒரு முழம் வலது பக்கம் தள்ளியது. அவ்வளவுதான். கயாக்கின் மூக்கு இரண்டு பாறைகளுக்கும் நடுவில் குத்தி நின்றது. ஓடை முழுவதும் அவன் முதுகில் விழுந்தது. ஹெல்மெட் தெரிந்தது, மறைந்தது. ஒரு கை மட்டும் வெளியே இருந்தது.

எறிந்தேன். பை நன்றாகத்தான் பறந்தது. பாதித் தூரத்தில் யாரோ பின்னாலிருந்து இழுத்தது போல நின்று, தண்ணீரில் விழுந்தது. அந்தக் கை விரிந்து மூடியது. அதில் ஒன்றும் இல்லை.

இழுத்தேன். பையின் வாயில் கயிறு மொத்தமாக அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே கையை விட்டு உருவினேன். வளையங்களின் நடுவில் வெள்ளை நாடா. சலவைக்கூடத்தில் பன்னிரண்டு விரிப்புகளைச் சேர்த்துக் கட்டுகிற நாடா. ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. நகம் நுழையவில்லை. பல்லால் கடித்தேன். ஒரு பஸ் சக்கரத்தைக் கழற்றும் நேரம் ஆனது போல இருந்தது. அறுந்ததைத் துப்பினேன். தண்ணீர் கொண்டுபோனது.

அந்தக் கை இப்போது விரியவில்லை.

பையை விட்டுவிட்டுக் கயிற்றை அள்ளி எறிந்தேன். அவன் மணிக்கட்டில் விழுந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விரல்கள் பிடித்தன.

இழுத்தேன். அவன் வந்தான். கயாக் அங்கேயே நின்றது.

பாறையில் குப்புறக் கிடந்து நிறையத் தண்ணீரைக் கக்கினான். இடது முழங்கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வெகுநேரம் மூச்சு வாங்கினான்.

"லிஃப்ட்ல மாட்டுனா மணியாவது அடிக்கலாம்," என்றான். சிரிக்க முயன்று இருமினான். பிறகு, "ரெண்டு தடவ எறிஞ்சியா?"

"ஆமா."

"முதல்ல என்னாச்சு?"

அவன் கையருகே கிடந்த கயிற்றை எடுத்தான். சுருண்ட தடம் அதில் அப்படியே இருந்தது. விரலால் தடவினான்.

"யாரு வச்சது இத?"

அவன் தங்கை என்று சொன்னால் அவளைத் திட்ட மாட்டான். கிண்டல் செய்து சிரிப்பான். அவள் சிரிக்க மாட்டாள். அதன் பிறகு அவன் நொண்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த நாடா ஞாபகம் வரும். பையை அமுக்கிப் பார்த்துவிட்டு ஏறியது அவள் இல்லை.

"நான்தான்."

"நீயா?"

"நான்தான் மச்சான்."

"மேல கரையில வச்சு அமுக்கிப் பாத்தியே."

"ஆமா."

"தெரிஞ்சுதான் ஏறுனியா?"

"ஆமா."

அவன் தண்ணீரைப் பார்த்தான். அது நாங்கள் வந்தபோது இருந்ததைவிட இறங்கியிருந்தது. பாறைகளின் ஈரக்கோடு ஒரு சாண் மேலே தெரிந்தது.

"வீட்ல நான் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் திறக்காத. தங்கச்சி உன்னப் பெரிய ஆளுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அது அப்படியே இருக்கட்டும்."

"மச்சான்..."

"இனிமே உன்கூட தண்ணிக்கு வரமாட்டேன் மாப்ள."

கோபமாகச் சொல்லவில்லை. ஏழாவது மாடிக்காரர்களைப் பற்றிச் சொன்ன அதே குரல்தான்.

துடுப்பை ஒடித்து அவன் காலுக்கு வைத்துக் கட்டினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, எங்கே இறுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான். என் கயாக்கைக் கரையிலேயே விட்டேன். அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். கார் வரைக்கும் ஏற்றம், வழுக்கல்.

"கழுத்தக் கட்டிப் பிடிச்சுக்கோ," என்றேன்.

"சரி சரி, நட."

ஒரு கையை மட்டும் என் தோளில் லேசாக வைத்திருந்தான். ஒவ்வொரு முறை என் கால் சறுக்கும்போதும் அதையும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் எட்டிய கிளையைப் பிடித்தான்.