கம்ப்யூட்டரில் கெட்டிமேளம்

கம்ப்யூட்டரைத் தட்டுகிறவள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஸ்வர்ணலதா, ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிக்காரி, கல்யாணங்களில் கீபோர்டு வாசிக்கிறவள். பெங்களூருக்கு வேலைக்குப் போன தம்பி கிஷோர் 2005இல் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தான். அதில் ஹோஸ்ட் என்றொரு சாஃப்ட்வேர். அதற்குச் சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. ப்ளகின் என்கிற வாத்தியங்களை அதற்குள் ஏற்றிவிட்டால், கீபோர்டில் கைவைத்ததும் அவை ஒலிக்கும். வீணை, வயலின், டிரம்ஸ் என்று இருபத்தாறு ஏற்றிவைத்து ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். அவற்றில் நாதஸ்வரமும் தவிலும் மட்டும் வித்வான்களை உட்காரவைத்து நானே பதிந்தவை.

திருப்பதியில் ஒரு கல்யாணம். புத்தூர்த் தமிழ்ப் பெண், அமெரிக்காவில் வேலை பார்க்கும் தெலுங்கு மாப்பிள்ளை. முந்தின நாள் ரிசப்ஷனுக்கு வாசித்துவிட்டு, காலையில் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா கோவர்த்தனன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"யம்மா, மேளக்காரங்க வேன் வர்ற வழியில ஏர்பேடாண்ட நின்னுபூட்சாம்! முகூர்த்தத்துக்கு இருபது நிமிசம்தான் கீது. மேளம் இல்லாம தாலி கட்டினா சம்பந்தி வூட்டாண்ட என் மானம் போயிரும்."

"நான் வாசிக்கிறேண்ணா."

மாப்பிள்ளையின் பெரியப்பா நாகபூஷணம் குறுக்கே வந்தார். "கம்ப்யூட்டர் சன்னாயியா? வத்தண்டி, வேணாம்! சரி, எங்க, வாசி பாக்கலாம்." நாதஸ்வரத்தைத்தான் தெலுங்கில் சன்னாயி என்பார்கள்.

கட்டையை அழுத்தினேன். எச்சில் விழுங்கும் நேரம் கழித்துத்தான் நாதஸ்வரம் வந்தது. "நீ தட்டினப்புறம் அது யோசிச்சிக்கினு வருதேம்மா!" என்று சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அட, போங்கய்யா!

இருபத்தாறையும் அந்தப் பழைய கம்ப்யூட்டரால் தூக்க முடியவில்லை. அதனால்தான் ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து சற்றுத் தாமதமாக அனுப்பும்படி அமைத்திருந்தேன். அந்த இடைவெளியைக் குறைத்தால் கரகரவென்று வெடிக்கும். சரி, போகட்டும் என்று ஹோஸ்டிலிருந்து வீணையை நீக்கினேன். வயலினை நீக்கினேன். ஒரு வருஷ உழைப்பு, இருபத்து நான்கும் போயின. நாதஸ்வரமும் தவிலும் மட்டும் மிஞ்சின. இடைவெளியை அடிமட்டத்துக்கு இறக்கினேன். சோதித்துப் பார்க்க நேரமில்லை.

தெலுங்கு வழக்கப்படி, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைப்பதுதான் முகூர்த்தம். நமக்குத் தாலி. எல்லைப்புறத்துக்காரிக்கு இரண்டும் தெரியாதா? ஐயர் கை உயர்ந்தது. வலது கையில் நாதஸ்வரம், இடது கையில் தவில். விரல் பட்ட அதே நொடியில் மண்டபம் அதிர்ந்தது. கரகரப்பு இல்லை. தாலிக்கு இன்னொரு முறை, இன்னும் பலமாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முடிந்ததும் நாகபூஷணம் தாம்பாளத்தோடு என்னிடம் வந்தார். வெற்றிலை, தேங்காய், பட்டு வேட்டி, அங்கவஸ்திரம்.

"பொண்ணுக்கு எதுக்குங்க வேட்டி? புடவை எடுத்தாரச் சொல்றேன்," என்று கோவர்த்தனன் பதறினார்.

"ஆகண்டி, இருங்க. இது மேளக்காரருக்கு வச்ச மரியாதை. இன்னிக்கு மேளம் வாசிச்சது யாரு?"

"நான்தான்," என்றேன்.

அங்கவஸ்திரத்தை வாங்கி, புடவைத் தலைப்பின் மேலேயே தோளில் போட்டுக்கொண்டேன். பந்தியில் சாப்பிட உட்கார்ந்தபோதும் எடுக்கவில்லை.