அன்பை அகற்றும் தீர்மானம்

என் பெயர் தையல்நாயகி. அதைச் சொல்வதில் எனக்கு என்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை. ஆனாலும் எங்கள் நகர் அரங்கத்தில் இரண்டு வருடமாக மிளகாய்த்தூள் என்ற பெயரில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். செம்பாக்கத்தில் ஏரிக்குப் போகிற தெருவில் மாவு மில் நடத்துகிறேன். காலையில் கோதுமை அரைக்க வருகிறவரை மாலையில் சொந்தப் பெயரில் திட்டினால் தொழில் என்ன ஆவது? மிளகாய்த்தூளுக்கு அந்தக் கவலை இல்லை. குப்பையை அடுத்த வீட்டு வாசலுக்குத் தள்ளுகிறவர், மாடியிலிருந்து கீழே பார்க்காமல் தண்ணீர் ஊற்றுகிறவர் என்று எல்லோர் மேலும் அளவாகத் தூவினேன். தூவப்பட்டவர்களே மறுநாள் மில்லுக்கு வந்து, யாரோ ஒரு மிளகாய்த்தூள், நன்றாகக் கேட்கிறார் என்று என்னிடமே சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அரங்கம் என்பது செல்போனில் திறக்கிற பேச்சு மேடை. அதற்கு முன்பு வாட்ஸ்அப் குழு இருந்தது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களை விலக்கிக்கொண்டு, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கண்டுபிடிப்பதற்குள் லாரி வந்து போயிருக்கும். பொறுக்க முடியாமல் சங்கத் தலைவர் யக்ஞநாராயணன் சார், பெங்களூரில் வேலை பார்க்கிற தன் மகனிடம் சொல்லி இதை அமைத்தார். சார் கணக்குத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான். ஆனால் விதி என்று ஒன்று எழுதிவிட்டால் அதைத் தெய்வம் வந்து சொன்னாலும் மாற்ற மாட்டார். இந்த நகர் முழுவதும் என் மாமனார் மனை போட்டு விற்ற நிலம் என்பதால், மில்காரியான என்னையும் சங்கத்தில் சேர்க்கத்தான் வேண்டியிருந்தது.

வம்பு சிலிண்டரால் வந்தது. சிலிண்டர் ஒரு தெரு நாய், என் மில் வாசலில் படுப்பது. காஸ் சிலிண்டர் உருளுகிற சத்தம் எங்கே கேட்டாலும் குரைத்துக்கொண்டு ஓடும், அதனால் அந்தப் பெயர். வெள்ளம் வந்த வருடம் என் வீட்டுக்காரர் சிட்டிபாபு கோவிலம்பாக்கத்தில் அவர் அக்கா வீட்டுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார். மில்லுக்குள் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது. பரண் மேல் மூட்டைகளுக்கு நடுவே நான் உட்கார்ந்திருக்க, எங்கிருந்தோ நீந்தி வந்த இந்த நாய் என் காலடியில் நனைந்த உடம்போடு சுருண்டு படுத்தது. படகு வருகிற வரைக்கும் எனக்கு இருந்த துணை அது ஒன்றுதான். அன்றிலிருந்து அது என் நாய். இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் யக்ஞநாராயணன் சார் எவர்சில்வர் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார். வாளி மூடி கடகடவென்று சத்தம் போட்டது. காஸ் சிலிண்டர்தான் வருகிறது என்று நினைத்து எங்கள் சிலிண்டர் பாய்ந்துவிட்டது. கடிக்கவில்லை, வேட்டியை மட்டும் முழ நீளத்துக்குக் கிழித்தது. நான் புது வேட்டி வாங்கிக்கொண்டு போனேன். இது வேட்டிப் பிரச்சினை இல்லை, கொள்கைப் பிரச்சினை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அரங்கம் பற்றி எரிந்தது. ஏரிக்கொக்கு, பாஸ்வேர்ட் பரமசிவம், கொசு என்று ஆளுக்கொரு முகமூடியில் வந்து கத்தினார்கள். நாயைப் பிடித்துக் கொடு என்றவரை இன்னொருவர் நாயே என்றார். நாயே என்றவரை மற்றவர் வெறிநாயே என்றார். பெயர் தெரியாமல் நடத்திய வாக்கெடுப்பில் முக்கால்வாசிப் பேர் நாயைத் துரத்தச் சொல்லி அழுத்தினார்கள். ஆனால் ஏரிக்கொக்கு பல பெயர்களில் வந்து வாக்களித்தது தெரிந்ததும் தலைவர் அதைச் செல்லாது என்று அறிவித்து, இரண்டு சீர்திருத்தம் கொண்டுவந்தார்.

முதலாவது, இனி எல்லோரும் ஆதாரில் உள்ள பெயரில்தான் வர வேண்டும், வாக்கும் பெயரோடு வெளியே தெரியும். இரண்டாவது, நாய் என்ற சொல்லை யார் எழுதினாலும் அரங்கம் தானாக அதை மாற்றிவிடும். நட்சத்திரக் குறி போட்டால் உள்ளே என்ன கெட்ட வார்த்தையோ என்று எல்லோரும் யோசிப்பார்கள் என்பதால், அந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தையை வைத்தார். அந்த வார்த்தை அன்பு. அதோடு விட்டாரா? நாயை, நாயால், நாயே என்று வேற்றுமை உருபோடு வந்தாலும் தப்பிக்கக் கூடாது என்று, நாய என்று எங்கே கண்டாலும் அன்ப என்று மாறும்படி இன்னொரு விதியையும் தன் கையாலேயே போட்டார். அதிகாரியாக இருந்தவர் அல்லவா, ஓட்டை வைக்க மாட்டார்.

மறுநாள் காலையில் அரங்கத்தைத் திறந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். ஏரிக்கரையில் நாலைந்து அன்புகள் சுற்றுவதாக ஒருவர் எச்சரித்திருந்தார். அன்புத்தொல்லை தாங்கவில்லை, குழந்தையை அன்பு கடித்தால் யார் பொறுப்பு என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அன்புகளுக்கு ஊசி போட்டாயிற்றா என்று ஒரு கேள்வி. வாய்ச்சண்டை முற்றிய இடத்தில் இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் அன்பே, வெறிஅன்பே என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாப் பக்கத்து நாயர் டீக்கடை, அன்பர் டீக்கடை ஆகிவிட்டது. அவருக்கு அது பிடித்துப்போய் போர்டையே மாற்றலாமா என்று யோசித்தார். வக்கீல் தோத்தாத்ரி கோபத்தோடு, இது ஜனநாயகமா என்று எழுத, அது ஜனஅன்பகமா என்று வந்தது. ஏதோ அன்பகம் என்று நினைத்து, எங்கே இருக்கிறது அந்த முதியோர் இல்லம், மாதம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அன்று சாயங்காலம் தலைவரின் அறிவிப்பு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நம் நகரிலிருந்து அன்பை அகற்ற வேண்டும், சம்மதம் அல்லது சம்மதமில்லை. ஞாயிறு மாலைக்குள் பதிவாகும் வாக்குகளில் எது அதிகமோ அதுவே முடிவு. திங்கட்கிழமை காலையில் தனியார் காப்பக வண்டி வரும். அந்தக் காப்பகம் எங்கோ வண்டலூருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே போன நாய் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

உடனே சொந்தப் பெயரில் பதிவு செய்து எதிர்த்து எழுத உட்கார்ந்தேன். பதிவு செய்த கொஞ்ச நேரத்தில், புனைபெயருக்கு அனுமதி இல்லை என்று என் கணக்கை முடக்கிவிட்டார்கள். மறுபடியும் செய்தேன். மறுபடியும் முடக்கினார்கள். ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்கே போனேன்.

அவர் மனைவி அபிதகுஜாம்பாள் மாமி கதவைத் திறந்து, கேட்காமலே காபி கொண்டு வந்து வைத்தார். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார்.

"அட்டைல தையல்நாயகி. அரங்கத்துல தையல்அன்பகி. ரெண்டும் ஒண்ணு இல்லையேம்மா."

"நான் ஒழுங்காத்தான் சார் அடிச்சேன். உங்க அரங்கம்தான் மாத்திகினு கீது."

அவர் கண் முன்னாலேயே எழுத்து எழுத்தாக அடித்துக் காட்டினேன். கடைசி எழுத்தை அடித்துப் பொத்தானை அழுத்தியதும் தையல்அன்பகி என்று வந்து நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, என் பெயருக்கு நடுவில் அந்தச் சொல் ஒளிந்திருப்பதை விளக்கினார். வைத்தீஸ்வரன் கோயில் அம்மன் பெயர் என்று வீட்டில் வேண்டிக்கொண்டு வைத்த பெயர். அதற்குள் ஒரு நாய் படுத்திருப்பது இத்தனை வயது வரை எனக்கே தெரியாது.

அப்படியானால் விதியை எடுத்துவிடுங்கள் என்றேன். வாக்கெடுப்பு தொடங்கியபின் நடுவில் விதியை மாற்றுவது முறையில்லை, ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் பார்க்கலாம் என்றார்.

"ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் சிலிண்டர் எங்க சார் இருக்கும்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த... அந்த அன்பைப் பத்தி எதுவா இருந்தாலும் அரங்கத்துலதான் பேசணும்."

வீட்டுக்குள் வாயால் பேசும்போதுகூடத் தான் தடை செய்த சொல்லைச் சொல்ல மாட்டார், அப்பேர்ப்பட்ட மனிதர். அங்கேதான் என்னை உள்ளே விடவில்லையே என்று கத்தலாம் போல இருந்தது. மாமியின் காபி கையில் இருந்ததால் கத்தவில்லை. மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வார்த்தையை இவர் வாயால நான் கேட்டதே இல்லை, தெரியுமோ தையல்? இப்போ நாளுக்குப் பத்து தடவை கேக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்ததும் சாரின் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விட்டார்.

வாக்களிக்க முடியாவிட்டாலும் அரங்கத்தைப் பார்க்க முடிந்தது. ஞாயிறு காலையில் தலைவர் முதல் ஆளாக வாக்களித்தார். யக்ஞநாராயணன், அன்பை அகற்றச் சம்மதம் என்று அவர் பெயர் தனியாக நின்றது. மத்தியானம் வரை வேறு ஒரு பெயரும் வரவில்லை. காரணம் மில்லுக்கு வந்தவர்கள் வாயாலேயே தெரிந்தது. சுபத்ரா டீச்சருக்கு நாயைக் கண்டாலே ஆகாது, ஆனால் அவரிடம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் பாதிப் பேர் இந்த நகரில்தான் இருக்கிறார்கள். டீச்சர் பெயருக்குப் பக்கத்தில் அன்பை அகற்றச் சம்மதம் என்று இருந்தால் நன்றாகவா இருக்கும்? சத்யநாராயணன் தன் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் இணையத்தில் அவர் பெயரைத் தேடி, அன்பு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவர் இவர்தானா என்று கேட்டால்? சரி, அப்படியானால் சம்மதமில்லை என்று அழுத்துங்களேன் என்றேன். தலைவரைப் பகைத்துக்கொள்ள முடியுமா, தண்ணீர் லாரி வரிசையே அவர் கையில்தான் இருக்கிறது என்று மாவை வாங்கிக்கொண்டு நழுவினார்கள்.

இப்படியே விட்டால் ஒரே ஒரு வாக்கில் சிலிண்டர் போய்விடும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நகரே சேர்ந்து துரத்தியிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஒருத்தர் வாக்களிக்க, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தே அதைத் துரத்தப் போகிறார்கள். மிளகாய்த்தூளாக இருந்திருந்தால் ஒரு வரியில் எல்லோர் மானத்தையும் வாங்கியிருப்பேன். மிளகாய்த்தூளுக்குத் தடை, தையல்நாயகிக்கும் தடை. மிஷினை நிறுத்திவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். சிலிண்டர் வந்து முழங்கால் மேல் தலையை வைத்தது. அழுதேன். சொல்வதற்கு என்ன, நன்றாகவே அழுதேன்.

வாக்கெடுப்பு முடிய அரை மணி இருக்கும்போது இரண்டாவது பெயர் வந்தது. அபிதகுஜாம்பாள் யக்ஞநாராயணன், சம்மதமில்லை. கீழே கருத்து எழுதுகிற இடத்தில் மாமி ஒரு வரி எழுதியிருந்தார்: "எனக்கு வேண்டும்."

யக்ஞநாராயணன், அன்பை அகற்றச் சம்மதம். அதற்கு நேர் கீழே அவர் மனைவி, எனக்கு வேண்டும். பிறகு மடை திறந்தது. தலைவர் வீட்டு மாமியே எதிர்த்தபின் தலைவரைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? அதோடு, அன்பின் பக்கம் தன் பெயர் நிற்பது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிட்டது. சுபத்ரா டீச்சர் அழுத்தினார். சத்யநாராயணன் பெண்ணின் படிப்பு, வேலை எல்லாவற்றையும் கருத்தில் சேர்த்து அழுத்தினார். பெயர் தெரியாதபோது நாயைத் துரத்தச் சொன்ன அதே ஆட்கள்தான், எனக்கு அவர்களின் எழுத்துநடை தெரியும். முகமூடிக்குப் பின்னால்தான் மனிதர்கள் உண்மை பேசுவார்கள் என்று இரண்டு வருடமாக நம்பியிருந்தேன். இன்றைக்குப் பொய்யாக நல்லவர்களானார்கள், அந்தப் பொய்யால் ஒரு நாய் பிழைத்தது. எனக்குப் போதும்.

தலைவர் பதறிப்போய் விளக்கம் எழுதினார். அதுவும் அரங்கத்தில் இப்படித்தான் வந்தது: "அனைவரும் கவனிக்க. நான் குறிப்பிட்டது அன்பு அல்ல, அன்பு. நான்கு காலும் ஒரு வாலும் உள்ள அன்பு." வக்கீல் தோத்தாத்ரி அதற்குக் கீழே, தலைவர் மனதில் எது இருந்தாலும் பதிவில் இருப்பது அன்புதான், பதிவே செல்லும் என்று பணிவாக எழுதினார். பதிவு என்று சொன்னால் சார் தட்ட மாட்டார். வண்டியை ரத்து செய்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவரே மில்லுக்கு வந்தார். கையில் கோதுமை நிரம்பிய எவர்சில்வர் தூக்கு. பின்னால் மாமி கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டு தெருவிலேயே நின்றுவிட்டார். சார் முதலில் என் பெயர் விவகாரத்தை எடுத்தார். உண்மைப் பெயர் விதியையும் மீற முடியாது, சொல் மாற்ற விதியையும் எடுக்க முடியாது, எடுத்தால் இதுவரை எழுதியதெல்லாம் பழையபடி தெரியும், யார் யாரை அன்பே என்றார்கள் என்பது அவரவர் பெயரோடு வெளியே வந்துவிடும் என்று நகரமே கெஞ்சுகிறதாம். அதனால் தீர யோசித்து ஒரு விலக்கு கொடுத்திருக்கிறார்.

"நீங்க எந்தப் பேர்ல வேணும்னாலும் வரலாம். சொல்லுங்கோ, என்ன பேர் போடட்டும்?"

"மிளகாய்த்தூள்னு போடுங்க சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு வருடத்துக் காரமெல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. பிறகு விதி விதிதான் என்று போனை எடுத்து அடித்தார். மிளகாய்த்தூள், சங்கத்தால் சரிபார்க்கப்பட்ட உண்மைப் பெயர்.

போனைப் பைக்குள் வைக்கும்போது தூக்கின் மூடி கடகடவென்று ஆடியது. படுத்திருந்த சிலிண்டர் காதை நிமிர்த்தி எழுந்து, நேராக வந்து அவர் வேட்டி நுனியை மோப்பம் பிடித்தது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அந்த நிலைமையிலும் தடை செய்த சொல் அவர் வாயில் வரவில்லை.

"அன்பே, வேண்டாம். அன்பே!"

தெருவில் கீரைக்கட்டோடு நின்ற மாமி திரும்பிப் பார்த்தார்.

"என்னையா கூப்பிட்டேள்?"

சார் நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவசரமாக மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஆமாம்," என்றார். "வெயில்ல நிக்கறயே, உள்ளே வா."